பாட்டு வெளியே போகாது

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி ஆதிலட்சுமி, அவள் தம்பி தசரதன். ஆள் கணக்கில் மூன்று. சத்தக் கணக்கில் இன்னும் மூன்று உண்டு: மின்விசிறி, குக்கர், எதிர்வீட்டு நாய். பாட்டைப் பதிவு செய்ய நினைக்கிறவன் இவற்றையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

அண்ணாமலையார் மேல் நான் பதினொரு பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். பாடத்தான் முடிவதில்லை. வெளியாள் ஒருத்தர் நின்றாலும் என் வாய் ஒட்டிக்கொள்ளும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் ஆதிலட்சுமி மோர்க்கடை போடுவாள். அவள் கூவுவாள். நான் பின்னால் குனிந்து பேப்பர் டம்ளர் எண்ணுவேன். போன பௌர்ணமியில் கூவிக் கூவி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எனக்கு எண்ணிக்கை தப்பவில்லை.

இப்படிப்பட்டவன் ஒரு சபதம் எடுத்தேன். கதவைச் சாத்திப் பாடி, கம்ப்யூட்டரில் ஏற்றி, நான் மட்டும் கேட்பது.

"பாட்டு இந்த வாசலைத் தாண்டக் கூடாது."

"உங்க பாட்டு வெளிய போவாதுங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் ஆதிலட்சுமி.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

தசரதன் வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். பெரிய சிஸ்டம் ஒன்றும் லேப்டாப் ஒன்றும் கொண்டுவந்தான். பெரியதைப் போட்டதும் அதன் உள்விசிறி ரைஸ்மில் மாதிரி இரைந்தது.

"ஏன்டா, பாடப்போறது நானா, இதுவா?"

"அப்போ லேப்டாப்புதான் மாமா. சத்தம் கம்மி."

அடுத்தது சாஃப்ட்வேர். மூன்று காட்டினான். முதலாவதில் விமானம் ஓட்டும் அளவுக்குப் பொத்தான்கள். இரண்டாவது மாசாமாசம் காசு கேட்டது. மூன்றாவது இலவசம்.

"எது நல்லதுனு எப்படிடா கண்டுபிடிக்கிறது?"

"மூணுலயும் ஒரே வரியப் பேசிப் பாருங்க. ப வந்தா மைக்கு புஸ்ஸுனும். ச வந்தா சீறும். ரெண்டும் இருக்கற வரியா சொல்லுங்க."

"என் முதல் பாட்டையே..."

"சோதனைக்கா சாமி பாட்டு?" சமையலறையிலிருந்து ஆதிலட்சுமி வந்தாள். "'பெருங்காயம், இஞ்சி போட்ட மோரு! சில்லுனு குடிச்சிட்டுப் போங்க சாமி!' இதைச் சொல்லுங்க. ப இருக்கு. ச இருக்கு."

நியாயமாகப் பட்டது. சொன்னேன்.

"சத்தம் பத்தல மாமா."

"கூச்சமா இருந்தா நாங்க வேணா திரும்பிக்கறோம்" என்றாள்.

அக்காவும் தம்பியும் சுவரைப் பார்த்து நின்றார்கள். கத்தினேன். முதலாவதில் நாய் சேர்ந்துகொண்டது. இரண்டாவதில் குக்கர். விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்வை ஊற்ற, மூன்றிலும் மறுபடி கத்தினேன். ஒப்பிடுவதென்றால் சரியாக ஒப்பிட வேண்டும் அல்லவா?

"தசரதா, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றது எதுல இருக்கு?"

"எல்லாத்துலயும் இருக்குக்கா. இலவசத்துல ரொம்ப சுலபம். நாம மலை சுத்தற மாதிரி அதுவும் சுத்திக்கினே இருக்கும்."

"அப்போ அதையே வெச்சிக்கலாம்."

என் பாட்டின் தாளத்துக்காகக் கேட்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கியது.

அதையே முடிவு செய்தோம். பாட உட்கார்ந்தேன். கத்திக் களைத்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"பௌர்ணமி போவட்டும். பொறுமையா பாடிக்கலாம்" என்று மிளகுப் பால் கொடுத்தாள்.

பௌர்ணமி அன்று கடையில் குனிந்து டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு புது ஸ்பீக்கர். "பெருங்காயம், இஞ்சி போட்ட மோரு!" கணீரென்ற குரல். யாரோ நல்ல பழக்கப்பட்ட ஆள் என்று நினைத்தேன். மூன்றாவது சுற்றில்தான் அது நான் என்று தெரிந்தது.

நிறுத்தச் சொல்லி வாயைத் திறந்தேன். காற்று.

"யாருக்கா பேசறது? கோயில் மணியாட்டம் கீது!" என்றாள் மோர் வாங்க வந்த ஒரு பெண்.

ஆதிலட்சுமி என் முதுகைக் காட்டினாள். வரிசையே எட்டிப் பார்த்தது. நான் இன்னும் குனிந்தேன். அதற்குமேல் குனிய இடம் இல்லை.

"வெளிய போவாதுனு சொன்னியேடி" என்று கிசுகிசுத்தேன்.

"பாட்டுதானே போவாதுன்னேன்? ஒரு பாட்டாவது போச்சா? நீங்கதான் கணக்குல புலியாச்சே, எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தேன். கொண்டுபோன டம்ளர் முந்நூறு, மீதி இல்லை. எழுதிய பாட்டு பதினொன்று, மீதி பதினொன்று.