ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

பதவி உயர உயர, "தெரியாது" என்ற வார்த்தை மனிதனுக்கு மறந்துபோகும். எண்பதுகளின் கடைசியில், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டயர் கம்பெனியின் உதவி மானேஜராக இருந்த எனக்கு அது சுத்தமாகவே மறந்திருந்தது.

அப்போதுதான் உத்தரவு வந்தது: மானேஜர்கள் எல்லாரும் மாலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போக வேண்டும், தேறாதவர்களுக்குக் கிள்ளான் கிடங்கு. (அங்கே எனக்குக் கீழே டயர்கள் மட்டும்தான் இருக்கும்.)

வகுப்பில் அடித்த ஸ்டாக் கணக்கெல்லாம் ஒரே ஃபிளாப்பியில் இருந்தது. தேர்வன்று அதைத் திறந்து பிரிண்ட் எடுத்துக் காட்டினால் தப்பித்தேன்.

தேர்வுக்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் மனைவி கமலா பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கினாள். அதன் உச்சியில் ஃபிளாப்பியை உறையிலிருந்து உருவி வைத்தேன்.

"இதுல பொட்டு எங்கங்க வைக்கிறது?"

அந்தக் காலத்து ஃபிளாப்பி கறுப்பாக, அப்பளம் போல அகலமாக இருக்கும். அதில் நீளவாக்கில் ஒரு திறப்பு; உள்ளே பழுப்பாக ஏதோ பளபளக்கும்.

"கொண்டா. இதுக்குன்னே எடம் விட்டிருக்கான் பாரு," என்று மானேஜர் குரலில் சொல்லி, சந்தனமும் குங்குமமும் நானே வைத்தேன். தாராளமாக.

மறுநாள் தேர்வில், ஃபிளாப்பியை விழுங்கிய கம்ப்யூட்டர் முதலில் இருமியது. பிறகு தேங்காய் துருவியது. புத்தியுள்ளவன் கையைத் தூக்கியிருப்பான். நானோ, கழிவறைக்குப் போயிருந்த என் மேலதிகாரி சின்னையாவின் மெஷினில் அதைச் செருகினேன். அதுவும் துருவியது. உருவிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன். அவர் திரும்பி வந்து தன் ஃபிளாப்பியைப் போட்டார். மூன்றாவது தேங்காய்!

ஆசிரியை தேவி ஓடி வந்து என் ஃபிளாப்பியைத் தூக்கிப் பார்த்தாள்.

"அங்கிள், என்னா இது, ரத்தமா?"

"குங்குமம்மா."

"சாம்பிராணி போடலையா லா?"

சின்னையா தன்னுடையதை முகர்ந்தார். "யோவ், என் டிஸ்க்குல என்னாய்யா வாசனை?"

"சந்தனம், பாஸ்."

"அப்ப நானும் பெயிலா?"



அடுத்த மாதமே கிள்ளான் கிடங்கில் இரண்டு மேசை போட்டார்கள். எதிரெதிராக. சின்னையா ஓய்வு பெறும்வரை என்னிடம் டயரைப் பற்றி மட்டுமே பேசினார்.

இன்றும் பூஜையன்று நான் சந்தனக் கிண்ணத்தோடு எழுந்தால் போதும். "அப்பா வர்றாரு, எல்லாரும் போனைப் பாக்கெட்ல போடுங்க!" என்று மகள் கத்துவாள். மருமகன் மட்டும், பாவம், மரியாதைக்கு நெற்றியை நீட்டுவார்.