பந்தல்காரர் ஃபேனுக்கு ஒரு வாழ்த்துப் பாட்டு

மேடைப் பாடகனுக்குக் குரல் கொஞ்சம் குறைவாக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். நன்றியுணர்ச்சி அதிகமாக இருந்தால்தான் ஆபத்து. எனக்கு அது அளவுக்கு மீறி இருந்தது. அதனால் என் மச்சானுக்கு வேலையே போகப் பார்த்தது.

நான் நாட்டுப்புறப் பாடகன். உறுமி, தவில், ஒரு பழைய கீபோர்டு, ஐந்து பேர், ஒரு வேன். பொங்கலூரில் மாரியம்மன் கோயில் நோம்பி என்றால் அங்கே, உடுமலைப் பக்கம் காதுகுத்து என்றால் அங்கே. (விசேஷ வீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கும், கோயிலில் கூட்டம் நன்றாக இருக்கும். இரண்டும் நன்றாக இருந்த இடத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.) பாட்டும் நானே கட்டுவேன். மெட்டு ஒன்றுதான், ஊருக்கு ஊர் வரி மாறும். முன்னதாகவே போய், யார் என்ன நல்லது செய்தார், எப்போது செய்தார் என்று விசாரித்து, அதை அப்படியே பாட்டில் ஏற்றிவிடுவேன். தங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி பாட்டில் வந்துவிட்டால் ஜனங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூடவே பந்தல் போட்டவர், லைட் கட்டியவர் பெயரையும் சேர்த்துவிடுவேன். சாமான் மேலேயே பெயின்டில் எழுதியிருக்கும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. மறந்தால் அடுத்த நோம்பியில் பாதிப் பாட்டில் மைக் நின்றுவிடும். (அனுபவம்தான், வேறென்ன!)

மச்சான் கதிர்வேல் என் மனைவியின் அண்ணன். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். பாட்டுக்காரனுக்கா பொண்ணு என்று மாமனார் வீடே குதித்தபோது, எனக்காகப் பரிந்து பேசிய ஒரே ஆள். கல்யாணமான ஆறாவது மாதம் அவரிடமிருந்து போன்.

"மாப்ள, நம்ம சரக்க வாங்கற வெளிநாட்டு பையர் கிட்ட இருந்து ஒரு அம்மா இன்ஸ்பெக்ஷனுக்கு வருதுங்க. வேலை செய்யறவங்கள எப்புடி வெச்சிருக்கறோம்னு பாக்குமாம். அது செரின்னாத்தான் ஆர்டரு. ஆர்டரு போச்சுன்னா மொத ஆளா நாந்தான் ஊட்டுக்குப் போவோணும். நீங்க வந்து மொதலாளியப் பத்தி நாலு வரி நல்லதா பாடிப்போடுங்க."

மச்சானுக்குக் கைம்மாறு செய்ய இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? பதினோரு மணி இன்ஸ்பெக்ஷனுக்கு ஒன்பது மணிக்கே போய் நின்றேன். மச்சான் கேட்டுக்கும் கட்டிங் டேபிளுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். பாட்டு வரியைக் காட்டட்டுமா என்றதற்கு, "நீங்க எழுதுனாச் செரியாத்தானுங்க இருக்கும்" என்று கும்பிடு போட்டுவிட்டு மறுபடி ஓடினார்.

செக்கிங் செக்ஷனில் பெண்கள் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் முதலாளி என்னென்ன நல்லது செய்திருக்கிறார் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். (வெட்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.) அவர்களில் மூத்தவரான சரசக்கா விரல் விட்டு எண்ணினார்.

"நல்லதுங்களா? கக்கூஸுக்குக் கதவு முந்தாநாளு போட்டாருங்க. ஃபேனு நேத்துச் சாயங்காலம் வந்துச்சு. தண்ணிக் கேனு இன்னிக்குக் காத்தால. கொழந்தைக ரூமுல நடவண்டி ஒண்ணு நிக்குது பாருங்க, அது அவரு பேரனோடதுங்க."

மூன்றே நாளில் இத்தனை தர்மமா! அதிலும் சொந்தப் பேரனின் வண்டியை எடுத்துத் தொழிலாளி பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் எப்பேர்ப்பட்ட மனசு! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக ஓடுகிற கம்பெனிக்கு முந்தாநாள் ஏன் கதவு வந்தது என்று புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். நான் எதுகை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தம்மா வந்தார். சுற்றிப் பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. எங்களுக்கு எதிரே முதலாளியும் அவரும் உட்கார்ந்தார்கள். முதலாளி பக்கத்திலிருந்த, ஆர்டர் வேலையைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண்ணிடம், "அவரு பாடறத ஒரு வார்த்தை விடாம மேடத்துக்கு இங்கிலீஷ்ல சொல்லு கண்ணு" என்றார். அது வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமான பெண். சொன்னதைச் சொன்னபடி செய்கிற வயசு.

நான் எடுத்தேன்.

முந்தாநாளு கதவு வந்துச்சு – இன்னும்
மூலையெல்லாம் பெயின்ட்டு காயுது!
நேத்துச் சாயங்காலம் ஃபேனு வந்துச்சு – மாரி
முத்து பந்தல் காத்து வீசுது!
இன்னிக்குக் காலையில கேனு வந்துச்சு – தண்ணி
எங்க மொதலாளி மனசாக் குளுருது!
பேரன் வண்டியத் தூக்கித் தந்தாரே – இந்தப்
பெரிய மனசு யாருக்கு வருது!

தையல் லைன்கள் மொத்தமும் விசிலடித்தது. அந்தம்மா நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். என் பாட்டு கடல் கடக்கப் போகிறது! அவர் விட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வரியையும் இரண்டிரண்டு தடவை, நிறுத்தி நிதானமாகப் பாடினேன். அவருக்குப் பின்னால் நின்று மச்சான் இரண்டு கையையும் ஆட்டினார். இன்னும் வேகம் கேட்கிறார் என்று உறுமிக்காரருக்குச் சைகை காட்டினேன்.

பாட்டு முடிந்ததும் அந்தம்மா எழுந்து நேராக ஃபேனிடம் போனார். அதன் காலில் சிவப்பு பெயின்டில் இருந்த 'மாரிமுத்து பந்தல்' என்ற எழுத்தை அந்தப் பெண்ணைப் படிக்கச் சொன்னார். போட்டோ எடுத்தார். பிறகு கக்கூஸ் கதவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் பச்சை.

அந்தம்மாவும் முதலாளியும் மச்சானும் முதலாளி அறைக்குள் போனார்கள். அது கண்ணாடி அறை. சத்தம் வெளியே வரவில்லை. மச்சானின் தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிவது தெரிந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எனக்காகப் பேசிய ஒரே மனுஷனின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அழுகையே வந்தது.

ஆனால் அந்தம்மா ஆர்டரை நிறுத்தவில்லை. மூன்று மாதத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வருவேன், பாட்டில் வந்தது எல்லாம் அப்போதும் இருந்தால்தான் சரக்கு எடுப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மொழிபெயர்த்த என் பாட்டு ரிப்போர்ட்டோடு இணைப்பாகப் போனது. அத்தனையையும் ஓடி ஓடிச் செய்ய ஒரு ஆள் வேண்டுமே! மச்சான் வேலை தப்பியது. பந்தல் ஃபேன் அன்றே மாரிமுத்து அண்ணனிடம் திரும்பிப் போய், கம்பெனிக்குச் சொந்த ஃபேன்கள் வந்தன.

வெளியே வந்த மச்சான், "அந்தப் பேரன் வண்டியவாச்சும் உட்டிருக்கலாமுங்க மாப்ள" என்றார். அதற்கப்புறம் இரண்டு மாதம் பேச்சில்லை.

இப்போது பேசுகிறார். பேசாமலே இருந்திருக்கலாம். எந்த விசேஷத்தில் நான் இலை முன் உட்கார்ந்தாலும், "மாப்ளைக்கு நெறையாப் போடுங்க. ஆனா வாழை எல எந்தத் தோட்டத்துல அறுத்ததுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். என் மனைவிதான் முதலில் சிரிப்பாள்.

உரிமை, உரிமை என்று எத்தனையோ தொழிற்சங்க மேடைகளில் தொண்டை வறளப் பாடியிருக்கிறேன். ஒரு தாழ்ப்பாள்கூட வந்ததில்லை. காக்கா பிடிக்கப் பாடிய பாட்டுக்குத்தான் சொந்த ஃபேன் வந்தது. இதை நினைத்தால் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. பின்னால் தையல் மெஷின் சத்தம்.

"பாட்டுக்காரருங்களா? எங்க கம்பெனியிலயும் ஃபேனு இல்லீங்ணா. ஒருக்கா வந்து எங்க மொதலாளியையும் புகழ்ந்துபோட்டுப் போறீங்களா?"