பின் அறையில் வளர்ந்த மூளை

கம்ப்யூட்டர் திரை டிரங்குப் பெட்டி அளவு இருந்த காலம் அது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தால், அப்போதுதான் மெதுவாகக் கண் விழித்திருக்கும். அந்தக் கொர்ர் சத்தத்தையும் சூடான பிளாஸ்டிக் வாசனையையும் இன்று நினைத்தாலும் மனசு என்னமோ செய்கிறது. அந்த நாளில்தான் கட்டட வரைபடம் போடும் நம் டிராஃப்ட்ஸ்மேன், ஆபீஸில் கழித்துப் போட்ட ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்து, மனிதனைப் போல் யோசிக்கும் புரோகிராம் எழுதியே தீருவது என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினார்.

"தன்னைத்தானே திருத்திக்கும். நாளுக்கு நாள் புத்தி வளரும்," என்றார்.

"வீட்டுக்கு அப்படி ஒருத்தர் தேவைதான்," என்றாள் மனைவி.

"பின் ரூம்ல வைக்கப் போறேன்."

"அது என் தையல் மெஷினுக்குன்னு சொன்னீங்களே! வெளிச்சமே இல்லாத ஹால்ல ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள என் கண்ணு அவிஞ்சு போவுது."

"சரி, பந்தயம்! மழைக்காலம் முடியறதுக்குள்ள, நான் சொல்லித் தராததை அது சொந்தமா யோசிச்சுப் பேசணும். பேசலன்னா ரூம் உனக்கு. எதிர் வீட்டு மருந்துக் கடைக்காரர் சாட்சி."

புரோகிராமின் சூத்திரம் சுலபம். எதைத் தட்டினாலும் மனதில் வாங்கிக்கொள்ளும்; அடிக்கடி கேட்டது எதுவோ, அதைப் பொருத்தமான இடத்தில் எடுத்துவிடும். டிராஃப்ட்ஸ்மேன் மாலைதோறும் உட்கார்ந்து உலக ஞானத்தை ஊட்டினார். பலன்? வணக்கம் என்றால் 'பூமி உருண்டை' என்றது. நலமா என்றாலும் 'பூமி உருண்டை'. மனுஷர் இடிந்து போனார். அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், மனைவி பழைய திரைச்சீலையை வெட்டிக் கம்ப்யூட்டருக்கு ஓர் உறை தைத்துப் போட்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு ஒரு காலை. 'ஆபீஸ் போறேன்' என்று தட்டினார். திரையில் எழுத்து ஓடியது: 'குடை எடுத்துக்கிட்டீங்களா?'

வெளியே மழை!

"ஏம்மா, இங்க வா! மழைன்னு இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஜன்னல் பக்கத்துலதானே உக்காந்திருக்கு," என்றாள் அவள், பாத்திரத்தைத் துடைத்தபடி.

அவர் அதையும் நம்பினார். அன்று மாலை 'வந்துட்டேன்' என்றதற்கு, 'முகம் வாடியிருக்கு, மொதல்ல சாப்பிடுங்க' என்றது. அப்படி ஒரு வார்த்தையை அவர் சொல்லிக் கொடுத்ததே இல்லை. தானாக வளர்கிறது! அந்த மழைக்காலம் முழுக்க அவர் ஆபீஸிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். வழியில் சீட்டியடித்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படி வந்ததில்லை என்று தெருவே பேசிக்கொண்டது. அவ்வளவு சந்தோஷமாக அவர் அதற்குப் பிறகு இருந்ததே இல்லை.

பந்தய நாள் வந்தது. மருந்துக் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேளுங்க சார், என்ன வேணா கேளுங்க! எல்லாம் சொந்தப் புத்தி. நான் சொல்லிக் கொடுத்ததுன்னு ஒரு வார்த்தை வந்தா என் காதை அறுத்துடுங்க!"

கடைக்காரர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார்: 'இந்த ரூம் யாருக்கு?'

'தையல் மெஷினுக்கு. ஜன்னல் வெளிச்சம் இங்கதான் நல்லா விழுது.'

டிராஃப்ட்ஸ்மேன் மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து, மறுபடி படித்தார். "இது... இது என்னமோ தப்பாச் சொல்லுது..."

"அப்போ அதுக்கு யோசிக்கத் தெரியல. பந்தயத்துல தோத்தீங்க. ரூம் எனக்கு," என்றாள் மனைவி.

"யார் சொன்னா தெரியலன்னு? நல்லாவே யோசிக்குது!"

"அப்போ யோசிச்சுச் சொன்னதைக் கேளுங்க. ரூம் எனக்கு."

"தங்கச்சி சொல்றது நியாயம்தானே சார்," என்றார் சாட்சி.

ரூம் போகட்டும், பெற்ற பிள்ளையை முட்டாள் என்று எந்தத் தகப்பன் சொல்வான்? "யோசிச்சுத்தான் சொல்லுச்சு," என்று தலை நிமிர்ந்து ஒப்புக்கொண்டு, கம்ப்யூட்டரை அவரே கட்டித் தூக்கிக்கொண்டு போய் ஹால் மூலையில் வைத்தார். பின் அறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. அவர் பெருமை தாங்காமல், ஆசையாகத் தட்டினார்:

'இவ்வளவு புத்தி உனக்கு எங்கிருந்து வந்துது, கண்ணு?'

திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எழுதியது:

'அவர் கேட்டா சொல்லாதேன்னு அம்மா சொல்லியிருக்காங்க.'