முட்டிக்கு ஓர் ஆராய்ச்சி

மருத்துவத்தை ஆராய்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் "இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது" என்று தலையைச் சொறியும். இன்னொரு ரகம் முதலில் முடிவைச் சொல்லிவிட்டு, அப்புறம் ஆராய உட்காரும். நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது ஆசாமியை.

எங்கள் மேல்மாடியில் ஒருவர் இருக்கிறார். தொழில் மோட்டார் ரிப்பேர், மூச்செல்லாம் மூலிகை. அவர் மனைவிக்கு முட்டிவலி. படி இறங்க முடியாமல் கீழே அந்த அம்மாள் நடத்தும் தையல்கடை பூட்டிக் கிடந்தது. நம் ஆள் என்ன செய்தார்? எண்ணெய் காய்ச்சினார். ஆராய்ச்சி என்றால் ஒருவருக்கு மருந்தும் இன்னொருவருக்கு வெறும் எண்ணெயும் தரவேண்டும், எது எதுவென்று தனக்கே தெரியக்கூடாது என்று எங்கோ கேட்டுவந்து, இரண்டு பாட்டிலையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி வைத்து, ஒன்றை மனைவியிடமும் மற்றதை மனைவியின் தம்பியான மச்சானிடமும் நீட்டினார். மச்சானுக்கு முட்டிவலியே கிடையாது.

"எனக்கு எதுக்கு மாமா?"

"பூசுடா. அப்பதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்."

"நான் டாக்டரைப் பார்த்துட்டு வந்துடறேங்க," என்றார் மனைவி.

"போனா ஆராய்ச்சி கெட்டுடும்."

"என் முட்டி கெட்டா பரவாயில்லையா?"

ஆராய்ச்சியாளர் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் தையல்கடை திறந்தது. நம் ஆள் வாசலில் நின்று, துணி தைக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி எண்ணெயின் பெருமையை அளந்தார். உள்ளேயிருந்து மனைவி மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: "உங்க எண்ணெயை நான் தொடவே இல்ல. நீங்க வேலைக்குப் போனதும் தம்பியைத் துணைக்குக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போனேன். காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாரு. இந்த மாதிரி எண்ணெயையும் ஆராய்ஞ்சுட்டுத்தான் இருக்காங்களாம், இன்னும் தெரியலையாம்."

"அப்ப எண்ணெய் எங்கே?"

"கடைக் கதவு கிறீச்சுனு கத்திச்சு. கீல்ல ஊத்திட்டேன்."

அவர் கதவைத் திறந்தார். மூடினார். சத்தமே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா? கதவுக்கே கேட்டிருக்கு. மனுஷனுக்குக் கேட்காதா?"

சிரிக்காதீர்கள். போன தடவை சளி பிடித்தபோது மாத்திரை விழுங்கினீர்கள், கஷாயம் குடித்தீர்கள், ஆவி பிடித்தீர்கள், ஒரு வாரம் போர்த்திக்கொண்டு படுத்தீர்கள். சளி போனதும், இதில் எந்த ஒன்றைச் சொல்லி என் உயிரை வாங்கினீர்கள்?