சாப்பாட்டுக்குப் பின், நான்கு குரல்களில்

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் ஒரே மைத்துனனும், இந்தப் பக்கம் முழுக்கப் பேர்பெற்ற ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குமான அடியேன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என்னோடு தங்கிப் படிக்கும் தங்கள் மகளும் சுகம். அங்கே தாங்களும், தங்கள் மருந்துக்கடையும், தங்களைக் கட்டி மேய்க்கும் என் அக்காவும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன்.

இது நன்றிக் கடிதம். பிள்ளையை இசைக் கல்லூரியில் விடும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒரு வருஷம் படிக்கட்டும் மச்சான். அவ எழுதுற பாட்டை நாலு பேர் மேடையேறிப் பாடினா பாப்போம். இல்லேன்னா வந்து கடையில உக்காரட்டும்" என்றீர்கள். ஆண்டு நிகழ்ச்சி முடிந்தது. பாடினார்கள் அத்தான்! நாலு பேரல்ல, நாற்பது பேர். அதில் ஒருவன் நான்.

அந்தக் கல்லூரியில் ஒரு ஏற்பாடு உண்டு. ஊர்க்காரர்களும் சேர்ந்து நாலு குரல் வரிசையாகப் பாடும் சேர்ந்திசைக் குழுவுக்கென்றே ஒவ்வொரு பிள்ளையும் புதிதாக ஒரு பாட்டு இயற்ற வேண்டும். பாட்டு இயற்றிப் பழுத்த ஒருவர் வருஷம் முழுக்கக் கூடவே உட்கார்ந்து வழிகாட்டுவார். நம் உம்முவுக்கு (உம்மணாமூஞ்சி என்று நீங்கள் வைத்த பேரை நான்தான் சுருக்கி அழகுபடுத்தினேன்) வாய்த்தது ஒரு டீச்சரம்மா. குட்டை முடி, காதில் எந்நேரமும் ஒரு பென்சில். அந்த அம்மாவுக்கு நான் கோயில் கட்டாத குறை. ஏனென்று கேளுங்கள். உம்மு முதலில் எழுதிக்கொண்டு போனது கடலையும் நிலாவையும் பற்றி. அம்மா படித்துவிட்டுக் கேட்டார்.

"கடலைப் பாத்திருக்கியாம்மா?"

"இல்ல டீச்சர்."

"நிலாவை?"

"பாத்திருக்கேன். ஒண்ணும் தோணல."

"அப்போ அதுங்களை விட்டுடு, பாவம். உன் வாழ்க்கையில நீ அதிகமா கேட்ட வார்த்தை எது?"

உம்மு வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. பென்சிலை வாங்கி எழுதிக் காட்டினாள். மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் அத்தான். 'காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பின். குறையலேன்னா மறுபடி வாங்க.' ஆமாம், கவுன்டருக்குப் பின்னால் நின்று நாள் முழுக்க நீங்கள் சொல்வதேதான்! கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. "முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் நல்லாகணும்னு ஒரு மனுஷன் தெனமும் சொல்றாரு. பாட்டுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். ஆகவே கேலி என்று நினைத்துவிடாதீர்கள், கௌரவம்!

நான் பாடகன் ஆன கதை தனி. ஒத்திகைக் கூடத்தில் தண்ணீர் குளிர்விக்கும் பெட்டி பழுதென்று போயிருந்தேன். கம்ப்ரசர் எந்தச் சுருதியில் ஓடுகிறதோ அதே சுருதியில் முனகிக்கொண்டே வேலை பார்ப்பது என் பழக்கம். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "யாருடைய குரல் இது? இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஆண்களில் கீழ்க்குரலுக்கு ஆள் பஞ்சம் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். அன்றே என்னை முதல் வரிசையில் நட்டநடுவே நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் ஒரு கண் டாக்டர்.

இனி அம்மாவின் பாடம். எழுதியவர் ஒவ்வொரு குரல் வரிசையோடும் நின்று, தான் எழுதியதைத் தானே பாடிக் காட்ட வேண்டும். உம்மு 'குறையலேன்னா' என்ற சொல்லை ரப்பராக இழுத்து எழுதியிருந்தாள். பாடிப் பார்த்தவள் பாதியில் சிவந்துபோய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "கீபோர்டுக்கு நுரையீரல் கிடையாதும்மா, இவங்களுக்கு இருக்கு" என்றார் அம்மா. ஆனால் வெட்டச் சொல்லவில்லை. ஆள் மாற்றி ஆள் மூச்செடுத்தால் பாட்டு அறுபடாது, பக்கத்து ஆள் எடுக்கும்போது மட்டும் நீங்கள் எடுக்கக் கூடாது என்று எங்களைப் பழக்கினார். தான் ஒரு வரிகூட மாற்றாமல் அவளையே மாற்ற வைத்தார். நானாக இருந்தால் பாட்டையே எழுதிக் கொடுத்திருப்பேன்.

பக்கத்து ஆள் எப்போது மூச்செடுக்கிறார் என்று எப்படித் தெரியும்? படித்தவர்களுக்கு இது தோன்றவில்லை, எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குத் தோன்றியது. நிகழ்ச்சியன்று, அம்மா மேடையைப் பார்க்கப் போன நேரத்தில், எல்லோரையும் நடையில் கூட்டி வைத்து ஒரு விதி போட்டேன். மூச்செடுத்து முடித்தவர் அடுத்தவரை முழங்கையால் லேசாக இடிக்க வேண்டும், இடி வாங்கியவர் எடுக்கலாம். அப்பழுக்கில்லாத திட்டம். ஆனால் கண் டாக்டருக்கு விலாவில் கூச்சம் என்று யார் கண்டது? 'குறையலேன்னா'வின் உச்சத்தில் நான் இடித்ததும் அவர் துள்ளி அடுத்தவர் மேல் சாய, அவர் அடுத்த வரிசை மேல் சாய, இடி ஆண்களைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போய்விட்டது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம்.

சபை நிசப்தம். குறையவில்லையென்றால் என்ன செய்வதென்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாத மாதிரி ஒரு நிசப்தம். அம்மாவின் கை அந்தரத்தில் நிற்கிறது. பிள்ளையின் ஒரு வருஷம் என் முழங்கையால் போச்சே என்று உள்ளுக்குள் செத்தே போனேன் அத்தான்.

அப்போது மேடையோரம் உட்கார்ந்திருந்த உம்மு எழுந்தாள். விருந்தாளி வந்தால் பீரோவுக்குப் பின்னால் போகிறவள்! எழுந்து, தன்னந்தனியாக, 'மறுபடி வாங்க' என்று பாடினாள். நாலு வரிசையோடும் நின்று பாடியவளல்லவா, யாருக்கு எந்தச் சுரம் என்று அவளுக்கு அத்துப்படி. எங்கள் பக்கம் திரும்பி எங்கள் சுரத்தையும் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வரிசையாக ஒட்டிக்கொண்டோம். ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பெரியவர் செருப்பைக்கூட விட்டுவிட்டு மேடையை நோக்கி ஓடிவந்தார்.

முடிந்ததும் அம்மா என்னிடம் வந்து, "உங்கள மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல. அடுத்த வருஷம் நீங்க கீழ உக்காந்து கேளுங்க" என்றார். நல்ல காதுள்ளவர்கள் கீழேயும் தேவைப்படுகிறார்கள் போலும். பிறகு பென்சிலை உம்முவிடம் கொடுத்து, "அந்த மௌனத்தை அப்படியே எழுதி வை. உன் பாட்டுலதான் இருந்திருக்கு, நமக்குத் தெரியல. அடுத்து என்ன எழுதப் போற?" என்று கேட்டார்.

"அப்பாகிட்ட கேக்கணும் டீச்சர்" என்றாள் பிள்ளை.

அதைத்தான் கேட்கிறேன், பிள்ளை அடுத்த வருஷமும் படிக்கட்டுமா? போனில் கேட்டால் அவள் 'ம்' என்பாள், நீங்கள் 'ம்' என்பீர்கள், இருவரும் வைத்துவிடுவீர்கள். எனவே கடிதம். அனுப்பி வைத்ததற்கு உங்களுக்கும், அவள் வாயைத் திறக்க வைத்ததற்கு அந்த அம்மாவுக்கும் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன். தங்கள் கடையில் கூட்டம் பெருகட்டும், ஊரில் நோய் குறையட்டும். இரண்டும் சேர்ந்தாற்போல் எப்படி நடக்கும் என்பதைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

தங்கள் பாதம் பணியும்
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அக்கா போன் செய்தாள். நீங்கள் ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டு, அப்படியே திரும்பிவிட்டீர்களாமே! முதலிலேயே சொல்லக் கூடாதா? இவ்வளவு எழுதியிருக்க மாட்டேனே. ஆகவே ஆயிரம் பேர் என்பதை அறுபது என்றும், முதல் வரிசை நட்டநடு என்பதைப் பின்வரிசை ஓரம் என்றும் திருத்திப் படிக்கவும். செருப்பை விட்டு ஓடிய பெரியவர் கழிவறை தேடியவர். டீச்சரம்மா கையைப் பிடித்தது பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகியதால். உம்மு பாடியது உள்ளபடியே உள்ளது. அது உங்களுக்கே தெரியும்.

ஊர் திரும்பியதிலிருந்து 'மறுபடி வாங்க' என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிடுகிறீர்களாம். கடை வாசலில் 'உதவிக்கு ஆள் தேவை' என்று அட்டை தொங்குகிறதாம், பிள்ளைக்கென்று வைத்திருந்த இடத்துக்குத்தானே? உம்முவிடம் சொன்னேன். உள்ளே போனாள், இப்போது கீபோர்டு சத்தம் கேட்கிறது. அத்தான், அந்த வேலைக்கு அவசரப்பட்டு யாரையும் வைத்துவிடாதீர்கள். மருந்துப் பெயரெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.