தட்டிப் பார்த்த வீடு

விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "இது பழுத்திருக்குது மாப்ள" என்று வினோத்குமார் சொல்லி முடிப்பதற்குள், முறம் அகலத்துக்குச் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து அவன் காலடியில் விழுந்தது.

வீட்டின் சொந்தக்காரர் ராஜமாணிக்கம் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கூடத்து நாற்காலியில் இருந்து மெதுவாக எழுந்து வந்து, விழுந்ததைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் தமிழ்வேந்தனைப் பார்த்தார்.

"வீடு பாக்க வந்தீங்களா, இடிக்க வந்தீங்களா?"

வீடு வாங்க வந்த தமிழ்வேந்தன் குனிந்து பூச்சுத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். வினோத்குமார் அவன் மனைவி பூஜாவின் அண்ணன். பண்ருட்டியில் பலாப்பழ வியாபாரம். தட்டிப் பார்த்தே பழம் எத்தனை நாளில் பழுக்கும், உள்ளே சுளை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவான். அவன் கணிப்பு தவறியதாகப் பண்ருட்டியில் யாரும் சொன்னதில்லை. அதே கையால் வீட்டையும் தட்டிப் பார்த்தால் போயிற்று, வெளியாளைக் கூப்பிட்டு எதற்கு வீண் செலவு என்று அவனே முன்வந்தான். மச்சான் கேட்டால் மறுக்க முடியுமா?

தமிழ்வேந்தனுக்கு இந்த வீட்டின் மேல் ஆசை மட்டும் இல்லை, பயமும் இருந்தது. அவன் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பையன். படித்துச் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்கு வந்தவன். கடற்காற்று கம்பியைத் தின்று, ஊரில் அவர்கள் வீட்டுத் தளத்தில் இருந்து ஒரு பெரிய துண்டு போன மழைக்காலத்தில் விழுந்தது. விழுந்த இடம் அம்மா தனத்தின் கட்டில். அம்மா அந்த நேரம் மீன் ஏலத்துக்குப் போயிருந்ததால் தலையணைதான் நசுங்கியது. அன்றிலிருந்து, அம்மாவை ஒரு கெட்டியான கூரைக்குக் கீழே படுக்க வைக்காமல் தனக்குத் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது அவனுக்கு.

சிதம்பரம் மாரியப்பா நகரில் இருந்த இந்த வீடு பூஜா வேலை பார்க்கும் பள்ளிக்குப் பக்கம். பின்னால் ஒரு கொய்யா மரம். அம்மாவுக்குத் தனி அறை. எல்லாம் பொருந்தி வந்த நேரத்தில்தான் இப்படி.

"நானே பூசிக் குடுத்துடறேன் சார்" என்றான் வினோத்குமார். சொன்னபடி மறுநாள் சிமெண்டும் மணலும் வாங்கி வந்து பூசினான். காய்ந்த பிறகு பார்த்தால் அந்த இடம் மட்டும் சாப்பிட்டு எழுந்தவன் வயிறு மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. ராஜமாணிக்கம் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று தமிழ்வேந்தனுக்குத் தோன்றியது.

அடுத்ததாகக் கைபேசி விளம்பரத்தில் ஒருவரைப் பிடித்தான். பெயர் சித்தார்த். பெயருக்குப் பின்னால் நிறைய ஆங்கில எழுத்துகள். உடம்பெல்லாம் பை வைத்த சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு சின்னக் கருவியோடு வந்தார். சுவரில் ஈரம் இருந்தால் அது கத்தும் என்றார். கூடத்தில் கத்தியது. அடுப்படியில் கத்தியது. மாடிப்படியில் கத்தியது. சந்தேகப்பட்டுப் பூஜா அதை வாங்கி, கணவனின் முதுகில் வைத்துப் பார்த்தாள். அங்கும் கத்தியது.

வீடு முழுக்க ஈரம், மேலிருந்து கீழ்வரை ஒரு மருந்து அடிக்க வேண்டும், அந்த மருந்தை நானே தருவிக்கிறேன் என்றார் சித்தார்த். என்ன படித்திருக்கிறீர்கள் என்று பூஜா கேட்டாள். முன்பு தண்ணீர் மோட்டார் பழுதுபார்த்துக்கொண்டிருந்ததாகவும், ஒரு சனி ஞாயிறில் ஆன்லைனில் பயிற்சி எடுத்ததாகவும் அவர் கூச்சமில்லாமல் சொன்னார். சொல்லிக்கொண்டே, அஸ்திவாரத்தைப் பார்க்கிறேன் என்று சுவரோரம் கடப்பாரையை இறக்கினார். அஸ்திவாரம் வரவில்லை, தண்ணீர் வந்தது. உள்ளே போன குழாய் உடைந்து, முற்றத்தில் வெள்ளம் ஓடி, வாசலில் விட்டிருந்த எல்லோருடைய செருப்புகளும் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தன.

அன்று சாயங்காலமே ராஜமாணிக்கம் சாவியைப் பக்கத்து வீட்டு லோகநாயகி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கடலூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போனில் மட்டும் சொன்னார், இன்னும் ஒரே தடவை, முறையாகப் படித்த ஆளாகக் கூட்டிவருவதானால் வாருங்கள், இல்லாவிட்டால் இந்த வீட்டை மறந்துவிடுங்கள் என்று.

தமிழ்வேந்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். பூஜா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, உங்க லேப்புல ரத்தம் டெஸ்ட் பண்ண எங்க அண்ணன கூப்புடுவீங்களா?"

"அதெப்படி கூப்புட முடியும்?"

"அப்ப வீட்டுக்கு மட்டும் ஏன் கூப்டீங்க?"

அந்தக் கேள்வி அவனைச் சுட்டது. பரிசோதனைக் குழாயில் பெயர்ச்சீட்டு ஒரு எழுத்து மாறியிருந்தால்கூடத் திருப்பி அனுப்புகிறவன் அவன். வாழ்நாள் முழுக்க இருக்கப்போகிற வீட்டுக்கு மட்டும் கையில் கிடைத்தவரை எல்லாம் அழைத்திருக்கிறான்.

அதன் பிறகு அவன் அவசரப்படவில்லை. தெரிந்தவர்களிடம் எல்லாம் விசாரித்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த சந்திரலேகா என்ற கட்டடப் பொறியாளரைக் கண்டுபிடித்தான். அவர் சோதித்துக் கொடுத்த வீட்டுக்காரர்களின் எண்களைக் கேட்டு வாங்கிப் பேசினான். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்தம்மா வேண்டாம் என்றதால் ஒரு வீட்டை விட்டேன், அன்றைக்கு அவரைத் திட்டாத வார்த்தை இல்லை, அடுத்த மழையில் அந்த வீட்டு மதில் தெருவில் படுத்துக்கிடந்தபோது போய் மன்னிப்புக் கேட்டேன் என்று.

பிறகு சந்திரலேகாவையே அழைத்தான். என்ன படித்தீர்கள், பதிவு செய்த பொறியாளர்தானா, பழுது பார்க்கும் வேலையையும் நீங்களே எடுத்துச் செய்வீர்களா, சோதிக்கும்போது நான் கூடவே வரலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்கக் கேட்க அவனுக்கே கூச்சமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை.

"நீங்க கேக்கறதுதான் சரி சார். ரிப்பேர் வேலை நான் எடுக்கறதில்ல. எடுத்தா, இல்லாத ரிப்பேரும் கண்ணுக்குத் தெரியும்."

அந்த ஒரு பதிலிலேயே தமிழ்வேந்தன் விழுந்துவிட்டான். ஆனால் வீடு இருக்கும் இடத்தைச் சொன்னதும், அவர் தெருப் பெயரை இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். பிறகு, நெய்வேலியில் நல்ல பொறியாளர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்டுப் பாருங்களேன் என்றார். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்த தமிழ்வேந்தன் விடவில்லை. அம்மாவின் கட்டில் கதையைச் சொன்னான், நசுங்கிய தலையணையைச் சொன்னான். கடைசியில் அவர், வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வந்தவர் ஸ்கூட்டரை நிறுத்தியதும் நேராக மொட்டை மாடிக்குப் போனார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று வெயிலில் குந்திப் பார்த்தார். தூண்களில் ஒரு கருவியை அழுத்தி உள்ளே கான்கிரீட்டின் வலுவைக் குறித்துக்கொண்டார். மின்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தார். ஏணி வைத்துப் பின்பக்க சன்ஷேடு வரை ஏறினார். புடவை முழுக்க ஒட்டடை. அதைத் தட்டிவிடக்கூட அவர் நிற்கவில்லை. தமிழ்வேந்தன் பின்னாலேயே நடந்தான். நல்ல மருத்துவர் நோயாளியின் வயிற்றில் கை வைப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

கூடத்தில் அந்த உப்பிய பூச்சின் முன்னால் அவர் நின்றார்.

"இத யாரு பூசுனது?"

தமிழ்வேந்தன் ஜன்னல் வழியாகக் கொய்யா மரத்தைப் பார்த்தான். அன்றும் கூட வந்திருந்த வினோத்குமார் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டான், தட்டியதையும் சேர்த்து.

"தட்டிப் பாக்கறது சரியான முறைதாங்க. பூச்சு சுவர விட்டு வெலகி நிக்கிற எடம் சத்தத்துலயே தெரிஞ்சிடும். நீங்க சொன்ன எடமும் சரிதான். ஆனா பூச்சுதான் போயிருக்குது, சுவரு நல்லாருக்குது. அந்த வித்தியாசம் படிச்சாத்தான் தெரியும்."

அந்த நிமிடத்தில் இருந்து வினோத்குமார் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டான். முதல் பாதியை மட்டும் பண்ருட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எல்லாம் முடிந்ததும் சந்திரலேகா மறுபடி மாடிக்குப் போனார். கைப்பிடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு, தூரத்துக் கோபுரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் திரும்பினார்.

"வாங்குங்க சார். தூண், பீம், அஸ்திவாரம் எதுலயும் கொற இல்ல. பின்னாடி சன்ஷேடுல கம்பி துருப்புடிச்சுப் போச்சு, அத இடிச்சுட்டு புதுசா போடுங்க. எர்த் கம்பி இழுக்கணும். குளியலறையில ஒரு கசிவு. அவ்வளவுதான். அம்மா கட்டில எந்த ரூம்ல வேணாலும் போடலாம்."

இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், அவர் போன பிறகு தமிழ்வேந்தனுக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்தது. கெட்டது என்று சொன்னவர்களை எல்லாம் நம்பினான், நல்லது என்று சொன்னவரை நம்ப முடியவில்லை. வினோத்குமார் வேறு, அந்தம்மா ஓனருக்கு வேண்டியவராக இருப்பார், இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று ஓதினான். அவன் பேச்சைக் கேட்டுத் தமிழ்வேந்தன் சந்திரலேகாவுக்கு மறுபடி போன் செய்து, இன்னும் நன்றாகத் தேடினால் ஏதாவது குறை கிடைக்குமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டும்விட்டான்.

"நான் தேடாமலா சார் இருந்திருப்பேன்" என்றார் சந்திரலேகா. "இல்லாதத எப்படிச் சொல்றது?"

பூஜாதான் முடிவெடுத்தாள். படித்தவரைத் தேடித் தேடிப் பிடித்தீர்கள், அவர் சொல்லியும் நம்பப்போவதில்லை என்றால் எதற்குக் கேட்டீர்கள் என்றாள். அண்ணனைப் பண்ருட்டி பஸ்சில் ஏற்றிவிட்டாள்.

வீட்டை வாங்கினார்கள். சன்ஷேடை இடித்தபோது உள்ளிருந்த கம்பி காபித்தூள் மாதிரி உதிர்ந்தது. குளியலறையில் அவர் காட்டிய இடத்திலேயே கசிவு இருந்தது. ஐப்பசி மழை விடாமல் பெய்து, தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோதும் வீட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அம்மா தனம் முதல் இரண்டு இரவு தளத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். மூன்றாவது இரவு குறட்டை விட்டாள். தமிழ்வேந்தன் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான்.

மழை விட்ட ஒரு காலையில், கொய்யாப்பழம் பறித்துக்கொண்டு போய் லோகநாயகி அம்மாவிடம் கொடுத்தான். பேச்சு வாக்கில் பொறியாளரைப் புகழ்ந்தான். அந்தம்மா சொன்னது ஒன்றுகூடப் பிசகவில்லை, இருந்தாலும் ஓனருக்கு வேண்டியவரோ என்று இன்னமும் மனசுக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

லோகநாயகி அம்மா ஒரு பழத்தை முந்தானையில் துடைத்தபடி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓனருக்கு வேண்டியவங்களா? இந்த வீட்ட வாங்கணும்னு எங்கிட்ட வந்து விசாரிச்சு விசாரிச்சு, ரெண்டு வருசமா லோனுக்கு அலைஞ்சவங்களே அவுங்கதான் தம்பி, நீங்க கூட்டிக்கிட்டு வந்தீங்களே, அந்த வாரந்தான் அவுங்களுக்கு லோனே பாஸாச்சு."