ஜெர்மனியிலிருந்து ஒரு பாட்டு

வால்தெமாரின் லினக்ஸ் கணினி வெகுநேரமாக அவனிடம் ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டிருந்தது. அவனுக்கோ உருகுவேயின் மொன்டெவிடேயோ ஸ்பானிஷைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது.

மச்சான் ரூபேனின் 'கூரை ஒழுகுது' என்ற முர்கா கேலிப்பாட்டுக் குழுவுக்கு வருஷம் தவறாமல் கார்னிவல் பாட்டு எழுதிக் கொடுத்தான். வருஷம் தவறாமல் ரூபேனும், "இது பாட்டா, மருந்துச் சீட்டா?" என்று ஊர் கேட்கச் சிரித்தார். ஒருமுறையாவது தன் வரிகளை மேடையில் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அதனால் இம்முறை எதிர்க்குழுவான 'கதவைச் சாத்தாதே'வுக்குப் பெயரில்லாமல் அனுப்பத் துணிந்துவிட்டான். வெளியே தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மாட்டிறைச்சிக்குப் பதில் அவனைத்தான் சுடுவார்கள்.

அதற்குத்தான் டோர் உலாவி. நம்மை நாடு நாடாகச் சுற்றவிட்டு, யாரென்று தெரியாமல் வெளியே அனுப்பும். நிர்வாகி அதிகாரத்தோடு திறந்தான். அந்த அதிகாரமெல்லாம் இங்கே ஆகாது என்று மறுத்துவிட்டது. வீட்டில் மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தான். பிறகு சாதாரண ஆளாக நுழைந்ததும் ஜெர்மனி வழியாக வெளியே விட்டது; பக்கங்களெல்லாம் ஜெர்மனில் வந்தன. பாட்டை எடுக்கத் தன் மின்னஞ்சலைத் திறந்தான்.

அறையில் மாமியார் நெலிதா மட்டும் மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். கணினி அவருக்கு, மேசை துடைக்க இடைஞ்சலான ஒரு பெட்டி. பயமில்லை.

சமையலறையில் மனைவி மிர்த்தா அலறினாள். "வால்தே! ஜெர்மனியிலேர்ந்து எவனோ உன் மெயிலுக்குள்ள பூந்துட்டானாம்! என் போனுக்கு மெசேஜ் வருது!"

கணக்குக்கு அவள் எண்ணைக் கொடுத்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

"கண்டுக்காதே, மிர்த்தா!"

"எப்படி கண்டுக்காம இருக்குறது? 'நாங்க இல்ல'ன்னு அமுக்கிட்டேன்."

மின்னஞ்சல் அவனை வெளியே தள்ளியது. டோரின் பாதையை மாற்றி மறுபடி நுழைந்தான்.

"இப்ப ருமேனியாவாம்! கும்பலா கெளம்பியிருக்கானுங்க. இரு, ரூபேன் அண்ணனைக் கூப்பிடுறேன்."

"அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே!"

"அடிக்கத் தெரியும்ல?"

வால்தெமார் மின்னஞ்சலைக் கைவிட்டு, 'கதவைச் சாத்தாதே' இணையதளத்திலேயே பாட்டனுப்பும் பக்கத்தைத் திறந்து, மனப்பாடமாகத் தட்டினான். கடைசியில் அது, நீ மனிதன்தானா என்று சந்தேகப்பட்டது. போக்குவரத்து விளக்குள்ள படங்களையெல்லாம் தொடச் சொன்னது. டோர் திறந்துவிட்டிருந்த குட்டி விண்டோவில் விளக்கும் தெரியவில்லை, கம்பமும் தெரியவில்லை.

வாசலில் ரூபேனின் குரல். "எங்கடா அந்த ருமேனியாக்காரன்?"

வால்தெமார் விண்டோவை முழுத்திரைக்கு விரிக்கப் போனான். மாமியார் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பெருசாக்காதே மாப்ளே, ஸ்கிரீன் அளவை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்க. 'கதவைச் சாத்தாதே'வுக்குப் பாட்டு அனுப்புறப்பல்லாம் நான் சின்னதாத்தான் வச்சுக்குவேன்."